புது வாகனமும் பழைய கடனும்

 

மார்க்கச் சட்டம் கேட்டு நம்மிடம் வருவோர் பெரும்பாலும் தலாக், பாகப் பிரிவினை, ஜகாத், நோன்பு ஆகியவற்றைப் பற்றியே கேட்பது வழக்கம். 2025-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், எல்லோரும் கலைந்து செல்லும்வரை ஹவுளின் ஓரத்தில் காத்திருந்தார். பிறகு நம்மிடம் வந்து அவர் கேட்ட கேள்வி சற்றுப் புதுமையானது.

"ஹஜ்ரத், பழைய பைக்கைக் கொடுத்துட்டுப் புது மாடல் ஒண்ணு எடுக்கலாமான்னு இருக்கேன். மார்க்கத்துல இதுக்கு ஏதாவது இருக்கா?"

பக்கத்தில் நின்ற முஅத்தின் சிரித்துவிட்டார். நாம் சிரிக்கவில்லை. ஹராமா, ஹலாலா என்று தெரியாமல் பெரிய காரியங்களைச் செய்துவிட்டுப் பிறகு வந்து கேட்பவர்களே அதிகம். செய்வதற்கு முன்னால் வந்து கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பதாவது! அவரை உட்கார வைத்துப் பேசினோம். அந்தப் பேச்சு எங்கோ தொடங்கி எங்கோ போய் முடிந்தது. நம் வீடுகள் பலவற்றுக்கும் அது பயன்படும் என்பதால், அவரும் அவருடைய அக்காவும் சம்மதித்த பிறகே, பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அவருடைய கேள்விக்கு நேரான பதில். ஆம், மார்க்கத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ற பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் குறிப்பிடும்போது, அவை நாம் ஏறிச் செல்வதற்கு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அலங்காரமாகவும் அவற்றைத் தந்திருப்பதாகச் சொல்லி, நாம் அறியாதவற்றையும் தான் படைப்பதாகக் கூறுகிறான். ஆகவே, வாகனம் பார்வைக்கு அழகாக இருப்பதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நல்ல வாகனம் அமைவது ஒரு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்ற கருத்திலும் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாக்கு வந்திருக்கிறது. கந்தலும் துருவும்தான் தக்வா என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர் சிலர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அதே பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரை வைத்திருப்பவர்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டிய ஹதீஸும் இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒருவருக்கு அவருடைய குதிரை நற்கூலி. அல்லாஹ்வின் பாதைக்கென்று அதை வளர்ப்பவர் அவர். அந்தக் குதிரை மேய்ந்த புல்லும், அவர் எண்ணாமலே அது குடித்த ஆற்று நீரும்கூட அவருடைய நன்மைக் கணக்கில் சேருகின்றன. இரண்டாமவருக்குக் குதிரை ஒரு திரை. பிறரிடம் கையேந்தாமல் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ள அதை வைத்திருக்கிறார். அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குள்ள உரிமையை அவர் மறப்பதில்லை. மூன்றாமவருக்கு அது பாவச் சுமை. பெருமைக்காகவும், பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவும், முஃமின்களிடம் பகை பாராட்டுவதற்காகவும் கட்டி வைத்திருப்பவர் அவர்.

குதிரை ஒன்றுதான். ஒருவனைச் சுவனத்துக்கும் இன்னொருவனை வேறிடத்துக்கும் கொண்டுபோவது அதன் சாதியும் அல்ல, விலையும் அல்ல.

அந்த ஹதீஸ் அத்துடன் முடியவில்லை. கழுதைகளைப் பற்றி என்ன என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அவற்றைப் பற்றித் தனியாக எதுவும் இறங்கவில்லை என்று சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், அணுவளவு நன்மையையும் அணுவளவு தீமையையும் மனிதன் கண்டே தீருவான் என்னும் ஸில்ஸால் அத்தியாயத்தின் வசனத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அன்றைக்கு ஏழை எளியவரின் வாகனம் கழுதை. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் நிற்கும் 100 சிசி வண்டிக்கும் அந்த வசனம் போதும்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் சென்றபோது, அங்குள்ளவர்கள் அவர்களுக்கு ஏறிச்செல்ல அவ்வூர்க் குதிரை ஒன்றைக் கொடுத்தார்கள். அது குலுங்கி மிடுக்காக நடந்தது. தம் உள்ளத்தில் ஏதோ மாறுவதைக் கண்ட அவர்கள் உடனே இறங்கி, தம் பழைய ஒட்டகத்திலேயே ஏறிக்கொண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குதிரை ஹராமானதால் அவர்கள் இறங்கவில்லை. தம்மை அறிந்திருந்ததால் இறங்கினார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சகோதரர், "பெருமைக்கெல்லாம் இல்ல ஹஜ்ரத், மைலேஜுக்குத்தான்" என்றார்.

அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். ஆதலால் அவருடைய தொழிலிலேயே அவரிடம் பேசினோம். வண்டி 2013-இல் வாங்கியது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள். ஆக 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இப்போது லிட்டருக்கு 45 தருகிறது. புது 100 சிசி வண்டி 60 தரும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 67 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,700 ரூபாய். புது வண்டி 90,000. பழையதை எக்ஸ்சேஞ்சில் 15,000-க்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் கையிலிருந்து போவது 75,000. மைலேஜில் அதை மீட்க 11 ஆண்டுகளுக்கு மேலாகும். இதற்குள் அந்த வண்டியும் பழையதாகிவிடும்!

"சரி, எந்த வண்டி பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, 160 சிசி என்றார். அது பழைய வண்டியை விட அதிகம் ஓடாது என்பது அவருக்கே தெரியும். நஃப்ஸ் எப்போதும் இப்படித்தான். தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது கணக்குப்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

அவருக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் 125 சிசி வரை இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் பிரேக்கும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததிலிருந்து புகையும் குறைந்தது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை என்று போகிறவருக்கு நல்ல பிரேக் ஆடம்பரமல்ல. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களில் ஒன்று. பிரேக் பிடிக்காத வண்டியை எளிமை என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருப்பது எளிமையல்ல, அலட்சியம். (வண்டி எதுவானாலும் நால்வர் ஏறுவது சட்டத்துக்கு மாறு, ஆபத்தும்கூட என்பதையும் அவரிடம் சொன்னோம். தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டார்.) 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து விலை இறங்கியதும் அவருடைய ஆசையைத் தூண்டியிருந்தது. விலை இறங்கியது என்பது வாங்குவதற்கு ஒரு வசதி. வாங்க வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது.

அடுத்து, பணம். கையில் 60,000 இருக்கிறது; மீதிக்கு ஃபைனான்ஸ், மாதம் 4,000 டியூ என்றார். இங்கே நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருந்தது. வண்டிக்காரரே ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று சொல்லி, இரண்டில் ஒன்றை அப்போதே முடிவு செய்து, பிறகு அந்தத் தொகை கூடாமல் விற்றால், அது தவணை வியாபாரம். பெரும்பாலான இமாம்கள் அதை அனுமதிக்கிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி நமக்காகக் கடைக்குப் பணம் கட்டிவிட்டு, நம்மிடம் கூடுதலாக வாங்குவதும், தவணை பிந்தினால் அபராதம் ஏற்றுவதும் வியாபாரமல்ல. கடன் கொடுத்து வட்டி வாங்குவதாகும். ஏலச்சீட்டில் தள்ளி எடுத்து வாங்குவதும் இந்தச் சந்தேகத்துக்கு உட்பட்டதே. தள்ளுபடி இல்லாமல் மாதம் ஒருவருக்கு முழுத்தொகையும் போகும் குலுக்கல் சீட்டில் அந்தக் குற்றம் இல்லை.

ஜகாத்தைப் பற்றியும் கேட்டார். ஓட்டும் வண்டிக்கு ஜகாத் இல்லை. அதற்கென்று சேர்த்து வைத்த பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் உண்டு.

கடைசியாகத்தான் நாம் அதைக் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"யாருக்காவது கொடுக்க வேண்டியது இருக்கிறதா?"

"கடன் ஒண்ணும் இல்ல ஹஜ்ரத். அக்கா நகை மட்டும் இருக்கு. அது கேக்க மாட்டாங்க."

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் அவருடைய அத்தாவை மருத்துவமனையில் சேர்த்தபோது, அக்கா தம் கழுத்திலிருந்து 3 பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதை விற்றதில் ஒரு லட்சத்துச் சொச்சம் வந்தது. அத்தா மௌத்தாகிவிட்டார். அக்காவுக்குப் பெண் ஒருத்தி, இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள்.

"அக்கா கொடுத்தது பணமா, நகையா?"

"நகையாத்தான் கொடுத்தாங்க. நான்தான் வித்தேன்."

"அத்தாவின் செலவில் தம் பங்கு என்று கொடுத்தாரா? திருப்பித் தருவதாகச் சொல்லி நீங்கள் வாங்கினீர்களா?"

"திருப்பித் தர்றேன்னுதான் வாங்கினேன்."

அப்படியானால் அது கடன். பணக் கடனுமல்ல, பொன் கடன். 24 கிராம் பொன் வாங்கியவர் அதே தரத்தில் 24 கிராம் திருப்பித் தர வேண்டும். செய்கூலியைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். 2021-இல் பவுன் நாற்பதாயிரத்துக்குள் இருந்தது. 2025-ஆம் ஆண்டு இறுதியில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. லட்சம் ரூபாய்க் கடன் என்று அவர் மனத்தில் ஓரமாக வைத்திருந்தது, அவர் பாராத நேரத்தில் இரண்டே முக்கால் லட்சமாக வளர்ந்து நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நமக்கும் அவர்மீது இரக்கமாகத்தான் இருந்தது.

நம் குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. வங்கிக்குத் தேதி தவறாமல் கட்டுகிறோம். கடைக்காரருக்குக் கட்டுகிறோம். உடன்பிறந்தவளின் கழுத்திலிருந்து வாங்கியதைக் கடன் என்ற பட்டியலிலேயே எழுதுவதில்லை. அவள் கேட்க மாட்டாள். கேட்டால் தாய்வீட்டு வாசல் மூடிப்போகுமோ என்று அஞ்சியே அவள் கேட்பதில்லை. அதை நாம் அவள் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறோம். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, கடன் கொடுத்தவர் கேட்டால்தான் அநியாயம் என்று சொல்லவில்லை.

ஜாபிர் (ரலி) அவர்களின் சரித்திரத்தை அவருக்குச் சொன்னோம். அவர்களுடைய தந்தை உஹதில் ஷஹீதானார்கள். விட்டுச் சென்றது கடனும் பெண்மக்களும். பின்னர் ஒரு பிரயாணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கிவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் அருகில் வந்து அதைத் தட்டி ஓட்ட, அது மற்ற ஒட்டகங்களை முந்த ஆரம்பித்தது. வழியில் பேச்சுக் கொடுத்து, யாரை மணந்தீர் என்று விசாரித்தார்கள். முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்ணை என்றார்கள் ஜாபிர் (ரலி). இளங்கன்னியை மணந்திருக்கலாமே என்று கேட்டபோது, தமக்குச் சகோதரிகள் இருக்கிறார்கள், அவர்களை அணைத்துத் தலைவாரிப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும் என்று பதில் சொன்னார்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞர்! தம் திருமணத்தைக்கூடச் சகோதரிகளை முன்னிட்டே முடிவு செய்திருக்கிறார். அந்த ஒட்டகத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விலைக்கு வாங்கி, மதீனா வந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் சகோதரர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப வண்டி?" என்றார்.

"மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டோம். முடிவு உங்களுடையது" என்றோம்.

காட்டியிருக்கிறார். பிஸ்டன், ரிங், செயின் ஸ்ப்ராக்கெட், இரண்டு பிரேக் ஷூ, முன் டயர் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. மீதிப் பணத்தில் 4 கிராம் தங்கக் காசு வாங்கிக்கொண்டு மனைவியுடன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஃபைனான்ஸுக்குக் கட்டவிருந்த 4,000 ரூபாயை இனி மாதாமாதம் ஒதுக்கி, சேரச் சேரக் கிராம் கணக்கில் கொடுப்பதாக எழுதியும் கொடுத்திருக்கிறார். பாக்கி 20 கிராம். அப்போதைய விலையில் ஐந்து வருடம் ஆகும். அக்கா முதலில் கோபித்துக்கொண்டாராம். "எங்கிட்ட எதுக்குடா கணக்கு?" என்று அந்தக் காகிதத்தைத் தள்ளிவிட்டாராம். பிறகு அடுப்படிக்குப் போய்த் தனியாக அழுததைத் தம் மனைவி பார்த்ததாகச் சொன்னார்.

இதை எழுதும் வாரத்தில் இஷா தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபோது, அவர் அந்தப் பழைய வண்டியோடு நின்றிருந்தார். "ஏறுங்க ஹஜ்ரத், வீட்ல விட்டுடறேன். முதுகுல அல்லாஹ்வுக்கு உரிமை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று, இன்னொரு தலைக்கவசத்தையும் எடுத்து நீட்டினார். முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பிவிட்டது.