முப்பதும் அறுபதும்

தம்பியின் பழைய லேப்டாப்பில் ‘எல்டன் ரிங்’ முக்கி முனகித்தான் ஓடும். நொடிக்கு 30 ஃபிரேமைத் தாண்டாது. போன மாதம் ‘லாஸ்லெஸ் ஸ்கேலிங்’ என்ற சின்ன மென்பொருளைப் போட்டான். 60 ஆனது. குதிரை வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணி நேரத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். “பாக்க சூப்பரா இருக்குண்ணே. ஆனா கைக்கு ஒட்ட மாட்டேங்குது.”

அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

மென்பொருள் செய்வது இதுதான்: விளையாட்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களைப் பார்த்து, எது எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்து, நடுவில் ஒன்றைச் செருகுகிறது. என்விடியா 2022-இல் டிஎல்எஸ்எஸ் 3 வழியாகக் கொண்டுவந்ததும் அடிப்படையில் இதே. அதற்கு விளையாட்டே அசைவுத் தகவலைக் கொடுக்கும். இதற்குத் திரையில் தெரியும் படம் மட்டும்தான்.

‘போலி ஃபிரேம்’ என்று திட்டுகிறவர்கள் உண்டு. எதற்குப் போலி? ‘அசல்’ ஃபிரேமும் கணக்குப் போட்டு வரைந்ததுதானே. அந்தக் குதிரை எங்கேயும் ஓடவில்லை. சினிமாவும் நொடிக்கு 24 அசையாப் படங்களைக் காட்டித்தான் அசைவென்று நம்பவைக்கிறது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் சினிமா நம்மிடம் பதில் கேட்பதில்லை. விளையாட்டு கேட்கிறது. அசல் ஃபிரேமை வரையும் முன் அது நம் விரலைப் பார்க்கிறது: உருண்டாயா, அடித்தாயா? செருகப்பட்ட ஃபிரேம் யாரையும் கேட்பதில்லை. போதாததற்கு, நடுவில் ஒன்றை வரைய அடுத்ததும் கையில் இருந்தாக வேண்டும். அதனால் தயாரான ஃபிரேமையும் கொஞ்சம் நிறுத்திவைத்துத்தான் காட்ட முடியும். 30-இல் ஒரு ஃபிரேமின் ஆயுள் 33 மில்லிசெகண்ட். கண்ணுக்கு வழவழப்பு, கைக்குத் தாமதம்.

ஆக, பொய் படத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது. முன்பு 60 என்றால், அத்தனை முறை எனக்குக் காட்டப்படுகிறது, அத்தனை முறை நான் கேட்கப்படுகிறேன் என்று இரண்டு அர்த்தம். இப்போது முதல் அர்த்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையே பழைய பெயரில் விற்றால் அது ஏமாற்று. 2025-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4 ஓர் அசலுக்கு மூன்று வரை செருகும். எண் இன்னும் பெரிதாகும்.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. அம்மா போனில் பேசும்போது வேறெதையோ பார்த்துக்கொண்டு ‘ம்… ம்…’ போடுவேன். பேச்சு தடங்கலில்லாமல் ஓடும். நடுவில் அவள் சொன்ன எதுவும் எனக்குள் போயிருக்காது. ‘தினமும் அரை மணி நேரம் பேசுறேன்’ என்று மட்டும் கணக்கு வைத்திருக்கிறேன்.

தம்பி அந்த மென்பொருளை நீக்கவில்லை. புது கார்டு வாங்கக் காசில்லை, அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் சுற்றும்போது போட்டுக்கொள்கிறான். “பாஸ் வந்தா ஆஃப் பண்ணிருவேன்ணே” என்கிறான். எங்கே வழவழப்பு போதும், எங்கே போதாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.