ஆட்டோக்காரருக்குத் தெரிந்த விடை

ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளையின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். மார்க் ஷீட், ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. விடிவதற்கு முன்பே செய்யாறிலோ திண்டிவனத்திலோ பஸ் ஏறி, கடைசியில் ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டில் பெயர் எழுதிவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். ஏற்கெனவே கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவரென்றால் அன்றைய சம்பளமும் போச்சு. மாலையில் “கூப்பிடுறோம்” என்று அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்துக்கு ஆள் முன்பே முடிவாகிவிட்டது என்பது பிறகு யார் மூலமாகவோ காதுக்கு வரும். கண்துடைப்பு என்று இதற்கு நம்மிடம் வெகுநாளாகவே ஒரு சொல் இருக்கிறது. நிறுவனம் தனக்கு ஏற்ற ஆளை எடுத்துக்கொள்ளட்டும். முடித்துவிட்ட முடிவை மறைத்துவைத்து, அதன் செலவை வேலை தேடி வருபவர் தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தத் தொழிற்பகுதியில் நடந்ததாக வெளிவந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. வாட்ஸ்ஆப் விளம்பரத்தைப் பார்த்து 2023-இல் வந்த சகோதரிகள் இருவரிடம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். அவர்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரே வழியில் அதைச் சொன்னாராம். குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை பற்றி எழுத வேண்டாமென்று ஆளெடுப்பு ஏஜென்சிகளுக்கு நிறுவனம் சொன்னதாக அதே ஆண்டின் பிற்பகுதியில் செய்தி வந்தது. கல்யாணத்தைக் காரணம் காட்டிக் கதவடைப்பது வெளிப்படையாகச் சொன்னாலும் அநீதிதான். ஆனால் வரி மட்டும் அழிந்து வழக்கம் அப்படியே இருந்தால், முன்பு வீட்டிலேயே தெரிந்திருக்கக்கூடிய விடையைக் கேட்க இன்னும் பல பெண்கள் காசு செலவழித்து வர வேண்டியிருக்கும்.

முன்பே ஆள் முடிவாகிவிட்ட இடத்துக்கே திரும்புவோம். உள்ளேயே மூன்று வருடம் லைனில் நின்று வேலை கற்றவரை விட்டுவிட்டு, அரைமணி நேரம் பேசியவரையா எடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பர்மனன்ட் இடம் அவருக்குத்தான் முதலில் போக வேண்டும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. அப்படியானால் அவருக்கு நேராக ஆர்டர் கொடுத்துவிடலாம். நாலு பேரைப் பார்த்ததாக ஃபைலில் இருக்க வேண்டும் என்பதற்காக வெளியிலிருந்து மூன்று பேரை வரவழைப்பது எதற்கு? நியாயத்துக்காகப் போட்ட விதி இப்படி வெறும் சடங்காகிப்போவது எங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டு ஊழியருக்கு நிரந்தர வசிப்புரிமை கேட்கும் நிறுவனம், முதலில் விளம்பரம் செய்து உள்நாட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அந்த இடங்களைத் தன் இணையதளத்தில் போடவில்லை, விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னது என்று அந்நாட்டு நீதித்துறை குற்றம்சாட்டியது. 2023 நவம்பரில் 2.5 கோடி டாலருக்கு விவகாரம் சமரசமானது. ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படுவது அந்த ஆப்பிளின் போன்தான்.

போய்வந்தால் அனுபவமாவது மிஞ்சும் என்பார்கள் சிலர். எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிற வாதம். முடிவு முன்பே ஆகிவிட்ட இடத்தில் கிடைக்கிற அனுபவம் பொய்யானது. தன் இங்கிலீஷ் சரியில்லை, பதில் சொன்ன விதம் சரியில்லை என்று அந்தப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். கடன் வாங்கி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரும். இல்லாவிட்டால் ரெஃபரன்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பி, வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் காசைக் கொடுக்கும். வெளியிலிருந்து வந்தவரின் திறமையைப் பார்த்து நிறுவனம் முடிவை மாற்றிக்கொள்வதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த வாய்ப்பு எவ்வளவு சின்னது என்பதைத் தெரிந்துகொண்டு அவர் வரட்டும்.

காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இலேயே சட்டம் போட்டார்கள். அங்கிருந்து வருபவரைத்தான் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தேர்வு நிறுவனத்தின் கையில், தகவல் பொதுவில் என்று அன்றே பிரித்துவைத்தார்கள். பொதுத்துறை நிறுவனங்கள் பல, நேர்முகத்துக்கு வருபவருக்கு ரயில் கட்டணமும் தருகின்றன. ஒரகடத்தில் பஸ் காசைக் கொடுக்க முடியாத ஆலை எது? அதுகூட வேண்டாம். “இந்த இடத்துக்கு எங்கள் ஊழியர் ஒருவரும் பரிசீலனையில் இருக்கிறார்” என்று அந்த வாட்ஸ்ஆப் விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, ஃபைலை எடுப்பதா, படுத்துத் தூங்குவதா என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்துகொள்வார்.