மணி அடித்த நேரத்துச் சமத்துவம்

என் பெரியப்பா 1971 யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். ஆவடியில் எங்கள் தெருவில் அவருக்கு நேவிக்காரர் என்றுதான் பெயர். டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள்கூட அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். கப்பலில் என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு இயக்க வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "நான் டோபாஸ்டா."

டோபாஸ் என்றால் கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவர். போர்த்துகீசியர் காலத்துச் சொல். துபாஷியிலிருந்து வந்தது என்பார்கள், தொப்பியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஒரு காலத்தில் கறுப்புத்தோல் கிறிஸ்தவச் சிப்பாய்க்கு வழங்கிய பெயர், பிறகு கப்பலில் வாளி தூக்குகிறவனுக்கு வந்து சேர்ந்தது. சொல்லுக்கும் பதவியிறக்கம் உண்டு போலிருக்கிறது. வெள்ளைக்காரன் வைத்திருந்த இந்தப் பிரிவு அவன் போன பிறகும் தொடர்ந்தது. 1950-ல் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு வந்தது, டோபாஸும் இருந்தார். பின்னாளில் பெயர் மாறி சானிட்டரி ஹைஜீனிஸ்ட் ஆனது.

போர்க்கப்பலில் அபாய மணி அடித்தால் அவரவர் சண்டை இடத்துக்கு ஓட வேண்டும். சமையல்காரர், பரிமாறுகிறவர், டோபாஸ் யாரும் சும்மா நிற்க முடியாது. கிடங்கிலிருந்து குண்டுகளை மேலே அனுப்பும் வரிசை, தீயணைப்பு, ஓட்டை அடைப்பது, காயம்பட்டவரைத் தூக்குவது என்று ஆளுக்கொரு வேலை. பெரியப்பா குண்டு வரிசையில் நின்றார்.

"முன்னாடி ஒரு ராஜ்புத்து, பின்னாடி ஒரு நாயரு. அவன் கையிலேர்ந்து என் கைக்கு, என் கையிலேர்ந்து இவன் கைக்கு. எவனும் கை கழுவிட்டு வரச் சொல்லல."

"மணி நின்னதும்?"

"வாளிதான்."

அந்த டிசம்பர் 9-ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் குக்ரி கப்பல் டார்பிடோ பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் செத்தார்கள். எந்தப் பிரிவுக்காரனுக்கும் கடல் சலுகை காட்டவில்லை. பெரியப்பா இருந்தது கிழக்கே, வேறு கப்பலில். ஆனால் அந்தச் செய்தி கேட்ட பிறகு எல்லாரும் ஒருவரோடொருவர் நெருங்கித்தான் படுத்தோம் என்கிறார்.

சாதி அறியாமையால் வருவது, படிப்பும் பழக்கமும் வந்தால் போய்விடும் என்று தோழர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குண்டை வாங்கிய அந்தக் கைக்குத் தெரியாதா, இவன் தொட்டதால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று? அரை மணி நேரம் தெரிந்திருந்தது. தெரிந்தும் மறுநாள் வாளி யார் கையில் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'என்ன செய்ய, மனசு வரமாட்டேங்குது' என்கிற ஊர்க்காரன் பேச்சை இனி எப்படி நம்புவது? உயிருக்கு ஆபத்து என்றால் வருகிற மனசு, தண்ணீர்க் குழாயடியில் ஏன் வரவில்லை? முடியாமை வேறு, மாட்டேன் என்பது வேறு. முன்னதற்குப் பாடம் நடத்தலாம். பின்னதற்குப் பாடம் போதாது, சண்டைதான் வேண்டும்.

நம் வரலாறே இதைக் காட்டுகிறது. 1818-ல் கோரேகானில் சண்டையிட்ட மஹர்களின் பெயர்கள் அங்கே தூணில் இருக்கின்றன. 1890-களில் மஹர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டது, 1917-ல் 111-ஆவது மஹர் படை வந்தது, 1921-ல் கலைத்தார்கள். அடுத்த போரில், அம்பேத்கரின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1941-ல் மஹர் ரெஜிமெண்ட். மணி அடிக்கும்போதெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். பூர்வி ஸ்டார் பதக்கத்தை பாஸ்புக்கோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். "அந்த அரைமணி நேரம் நெசம்டா, அத்த நீ பொய்யாக்காத" என்பார். பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜம் என்பதால்தான் எனக்கு ஆத்திரம். அவருக்கு அது கிடைத்த பொருள், எனக்கு அது பிடுங்கப்பட்ட பொருள். இந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

2022-ல் அக்னிவீர் அறிவிப்பு வந்தபோது பத்தாவது முடித்த அவர் பேரன் அந்தத் தாளோடு வந்தான். செஃப், ஸ்டூவர்ட், ஹைஜீனிஸ்ட். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வார்த்தையில் விரலை வைத்தார். "இது இன்னாடா?" சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையனிடம், அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபாரம் எப்போது கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.