பொறுமையும் புகாரும்

சிவகாசிக்கு அருகே நான் முன்பு பங்குப் பணியாற்றிய ஊரில், பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெண் ஒருவர் ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் என்னைக் காண வந்தார். பாவசங்கீர்த்தனத்திற்கு அன்று, முறையிடுவதற்கு. ஆலையின் போர்மேன் தம்மிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பாதி சொல்லாலும் பாதி கண்ணீராலும் கூறினார். ஆலையில் முன்பணம் வாங்கியிருந்தார், தீபாவளியும் நெருங்கியிருந்தது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளம்மா, செபம் செய்" என்றேன். "சரிங்க சாமி" என்று போனவர் அதைப்பற்றிப் பின்னர் வாய் திறக்கவே இல்லை. அந்த மௌனத்தைச் சமாதானம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

பொறுமை புண்ணியம்தான். ஆனால் பிறருடைய பாவத்திற்குத் திரை பிடிக்கும் பொறுமையும் புண்ணியமாகுமா? தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது நம் ஆண்டவர் வாளாவிருக்கவில்லை. அடித்ததற்குக் காரணம் கேட்டார். மறு கன்னத்தைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

வெடிமருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. அறைகளுக்கிடையே இடைவெளியும் வேண்டும். உயிர் காக்க வந்த விதி அது. ஆயினும் அதே தனிமை தீயோனுக்கும் வசதியாகிறது. நால்வரில் ஒருவர் துன்புற்றால் மற்ற மூவரும் அதே போர்மேனிடம் கூலிக் கணக்குச் சொல்லவேண்டியவர்கள். சாட்சி எங்கிருந்து வரும்?

இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஊழியர் பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டோரை 1995-இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அவர் துயரத்திலிருந்தே 1997-இல் உச்சநீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும், 2013-இல் சட்டமும் பிறந்தன. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பெண் ஒருவர் தலைமையில் புகார்க் குழு வேண்டும். அதனினும் சிறிய இடமானாலும், முதலாளியே குற்றவாளியானாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். மூன்று மாதத்திற்குள் புகார் தரவேண்டும். எழுத இயலாதவருக்குக் குழுவே எழுத உதவவேண்டும்.

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்று ஆடவர் கேட்பர்; நேர்மையான கேள்வியே. தீய நோக்கோடு தரும் பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. ஆனால் நிரூபிக்க இயலாமை மட்டுமே பொய்யாகிவிடாது. சூசன்னாவின் கதையில் மக்கள் மூப்பர்களை நம்பியது அவர்களின் பதவிக்காகவே. தானியேல் அம்மூப்பர்களைப் பிரித்து விசாரித்தான். அவளது நடத்தையை ஆராயவில்லை.

திண்டுக்கல் பகுதியில் ஆயத்த ஆடை ஆலைப் பெண் ஒருவர் 2021 சனவரியில் கொலையுண்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன்படி தொழிலாளப் பெண்களே பணித்தளத்தில் கண்காணித்துப் புகாரை எடுத்துச் சென்றனர். ஒருத்தியின் பயம் பலருடைய பொறுப்பாயிற்று. நம் பட்டாசு ஆலைகளில் இது ஏன் இயலாது? நம்முடைய பள்ளிகளும் மருத்துவமனைகளும், ஏன், பங்கு இல்லத்துச் சமையலறையும்கூடப் பணியிடங்களே என்பதையும் கூச்சத்துடன் சொல்லி வைக்கிறேன்.

சட்டம் மக்களுக்கு அறிவிக்கப்பட்டால்தான் அது சட்டமாகும் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். குருமடத்தில் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தேன். சென்ற மாதம்தான், திருமண ஓலைகள் ஒட்டும் பலகையில், இச்சட்டத்தின் சாரத்தை எளிய தமிழில் எழுதி ஒட்டினேன். முதல் நாள் யாரும் நிற்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, கோயில் காலியானபின், ஒரு பெண் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வண்டியில வரும்போது நடந்தாலும் இதுல சேர்த்தியா சாமி?"

"சேர்த்திதானம்மா" என்றேன். "உட்காருங்கள், சொல்லுங்கள்."