அமைதியை யார் சுமப்பது?

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். 2025 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை இரவு, சென்னை விமான நிலையத்தின் கவுண்டரில் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்தோனேஷியாவுக்கு ஆறு மாசம் வேலிடிட்டி இருக்கணும். உங்களுக்கு ஆகஸ்ட்லயே முடியுது" என்றார். கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை. தப்பு என்னுடையது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பல்லாவரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

நான் போக இருந்தது பாலிக்கு. கடற்கரைக்காக அல்ல, நியேப்பிக்காக. பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்பு அது. நம் தேசிய நாட்காட்டியும் அதே சக ஆண்டுக் கணக்குதான். ஆனால் அவர்கள் புத்தாண்டைக் கொண்டாடும் விதம் வேறு. முந்தைய நாள் மாலை 'ஓகோ-ஓகோ' எனும் பிரம்மாண்டமான அரக்க உருவங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் கூச்சல் போடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து அதற்கடுத்த நாள் காலை ஆறு மணிவரை தீவே அடங்கிவிடும். நெருப்பு மூட்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வெளியே போகக்கூடாது, கேளிக்கை கூடாது. இந்த நான்கும் விரதம். விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளும் விடுதிக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

அதாவது, ஒரு அறைக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதற்காக நான் கடல் தாண்டிப் போக இருந்தேன். இப்போது அறையும் இருந்தது, எட்டு நாள் லீவும் இருந்தது. சரி, இங்கேயே உட்காருவோம் என்று முடிவு செய்தேன். பயணம் ரத்தானதை ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை, சும்மா இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம், என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நண்பரிடமிருந்து வாட்ஸப் வந்தது. "ப்ரோ, டிரிப்ல இருக்கீங்க, டிஸ்டர்ப் பண்றதுக்கு ரொம்ப சாரி. அந்த மார்ச் ரிப்போர்ட் ஃபைல் எங்க இருக்கு?" நீல டிக் விழாமல் நோட்டிஃபிகேஷனிலேயே படித்துக்கொண்டேன். பதில் எழுத இரண்டு நிமிடம் போதும். எழுதவில்லை.

என் பக்கம் நியாயம் இருந்தது. லீவு என் உரிமை. பாலியில் இருந்திருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன். இந்த வாதத்தில் இப்போதும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. இருந்தும் ஏதோ உறுத்தியது. யோசித்துப் பார்த்தபோது, உறுத்தியது அவர் கேட்ட கேள்வி அல்ல, அவர் சொன்ன 'சாரி' என்று புரிந்தது. நான் தூரத்தில் இருக்கிறேன் என்று நம்பித்தான் அவர் மன்னிப்புக் கேட்டார். இல்லாத தூரத்துக்காகக் கேட்கப்பட்ட மன்னிப்பை நான் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லாமல் விட்டேன்? 'வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்தேன். 'பாலியில் இருக்கிறேன்' என்றால் ஒப்புக்கொள்வார்கள். நம் ஓய்வுக்கு விமான டிக்கெட் ஒரு சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. சும்மா இருப்பதற்கும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வாரம் ஸேவியர் தெ மெஸ்த்ர் எழுதிய 'என் அறையைச் சுற்றி ஒரு பயணம்' ஞாபகம் வந்தது. 1790இல், சண்டையிட்ட குற்றத்துக்காக டூரின் நகரில் 42 நாள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட ராணுவ அதிகாரி அவர். கட்டில், நாற்காலி, சுவரில் தொங்கும் படங்கள் என்று தன் அறையையே ஒரு தேசம்போலச் சுற்றிவந்து எழுதினார். வீட்டிலேயே கிடப்பவர்களுக்கெல்லாம் முன்னோடி. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஜொவானெத்தி என்று ஒரு வேலைக்காரர் வருவார். எஜமானர் ஆன்மாவைப் பற்றி யோசிக்கையில் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பது அவர்தான்.

இதைப் பெரிய கண்டுபிடிப்புபோல எண்ணிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை காலை, சமையலறையில் மிக்ஸி அலறியது. நான் உள்ளேயிருந்தே, "அம்மா, கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருக்க முடியாதா?" என்று கத்தினேன்.

"சத்தமில்லாம சட்னி வேணும்னா அம்மிலதான் அரைக்கணும். வந்து அரைக்கிறியா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளாக நான் 'அமைதி' என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குள் குக்கர் விசில் இருந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் இருந்தது, மாடியில் துணி காயப்போட ஏறி இறங்கும் அம்மாவின் மூட்டுவலி இருந்தது. அலுவலகத்தில் என் அமைதியை ஒருவர் சுமந்தார், வீட்டில் இன்னொருவர்.

நியேப்பியின் அர்த்தம் எனக்கு அங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது. அதன் அழகு மௌனத்தில் இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் சமையல் முந்தைய நாளே முடிந்துவிடும். என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. யாருடைய ஓய்வும் இன்னொருவர் தலையில் ஏறுவதில்லை. முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. அன்றும் 'பெச்சலாங்' எனும் ஊர்க்காவலர்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள், மருத்துவமனைகள் இயங்குகின்றன. சுமப்பவர்களே இல்லாத அமைதி உலகில் இல்லைபோல. ஆனால் அங்கே யார் சுமக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் அமைதியில் அது எனக்கே தெரியாமல் இருந்தது. ஓய்வெடுக்க எனக்கு உரிமை உண்டா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பது வேறு கேள்வி.

29ஆம் தேதி சனிக்கிழமை, நியேப்பி. முந்தைய இரவே நான் புளிசாதம் கிளறி வைத்தேன். உப்பு கொஞ்சம் அதிகம். "நாளைக்கு அடுப்பு பத்த வைக்கக்கூடாது, நீயும் உட்காரணும்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா உட்கார்ந்தாள், ஆனால் அமைதியாக அல்ல. "என்னடா இது, தீட்டு வீடு மாதிரி" என்றாள். இரண்டு முறை சமையலறைக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தாள். மதியம் தன்னை மறந்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. நாலு மணிக்கு எழுந்து நேராகப் போய் டீ போட்டாள். விரதம் அதோடு முடிந்தது. நான் தடுக்கவில்லை. ஓய்வைக்கூட நான் சொல்லும் முறையில்தான் அவள் எடுக்க வேண்டும் என்றால், அதுவும் ஒரு வேலைதானே.

திங்கட்கிழமை நண்பருக்கு ஃபோன் செய்து, நான் பாலிக்குப் போகவே இல்லை, மெசேஜை அன்றே பார்த்தேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமில்லை. "ஃபைல் அன்னிக்கு நைட்டே கெடச்சிருச்சு ப்ரோ, பதினோரு மணி ஆச்சு. பரவால்ல. ஆனா சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஃபைல் இருக்கும் இடத்தையா, நான் இருக்கும் இடத்தையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அன்று மாலை பாஸ்போர்ட் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை லேப்டாப்பில் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அம்மா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ நானும் வரட்டுமா? அங்க அன்னிக்கு யாரும் சமைக்க வேணாம்னு சொன்னியே."

அம்மாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. இன்னொரு விண்ணப்பத்தைத் திறந்தேன்.