ஒரு சோறும் ஒரு பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. கல்யாண வீடுகளில் பிரியாணிக்கு அரிசி வேகும் வேளையில் பண்டாரி செய்வதைச் சகோதரர்கள் கவனித்திருப்பீர்கள். உலையை அடிவரை ஒருமுறை கிண்டிவிட்டு, அகப்பையின் நுனியால் நாலைந்து பருக்கையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, "வடிக்கலாம்" என்கின்றார். முந்நூறு பேருக்கான சோற்றின் தலைவிதி அந்த நாலைந்து பருக்கையில் தீர்ந்து விடுகின்றது. எவரும் ஆட்சேபிப்பதில்லை.

சோற்றுக்குப் பொருந்தும் இந்த நீதி மனிதனுக்கும் பொருந்துமா? சிலரைக் கொண்டு ஓர் ஊரையும், ஓர் ஊரைக் கொண்டு ஒரு மனிதனையும் எடை போடுவது நியாயமா? இந்தக் கேள்வி நமக்குச் சொற்பொழிவு மேடையிலே எழவில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் கொமுட்டர் ரயிலில், கைத்தொலைபேசியில் ஒரு புள்ளியியல் பாடம் கேட்டுக் கொண்டிருந்த போது எழுந்தது.

இந்த வயதில் நமக்குப் பாடமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நம் காலத்தில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது, கடைதான் கல்லூரி. ஆனால் இந்நாட்டில் நிலைமை மாறி வெகுநாளாகி விட்டது. 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2001-இல் சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே கதவடைத்த பின், வீட்டிலிருந்தபடியே இணையவழியில் படிப்பது எவருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை. வேலைக்குப் போகின்றவனும் பிள்ளை பெற்றவளும் கடை வைத்திருப்பவனும் இரவு பத்து மணிக்கு மாணவராகலாம் என்றாகிவிட்டது.

"வாப்பா, தினமும் மாவு மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் பற்றாமல் போகிறது என்று புலம்புகிறீர்களே, புள்ளியியல் படித்தால் கணக்குப் பிடிபடும்" என்று மகள் சொன்னதுதான் தொடக்கம். அவளே பெயரைப் பதிந்து கொடுத்தாள். ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசினார். புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் மறுபடியும் கேட்டோம். திரைக்குள் இருக்கும் ஆசிரியருக்கு ஒரு நற்குணம் உண்டு. ஏழாம் முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. முதற்பரீட்சையில் இருபது கேள்விக்கு ஒன்பதுதான் சரியாயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் விடவில்லை.

முதலிலே படித்தது சராசரியும் இடைநிலையும். 2022-ஆம் ஆண்டு மலேசியக் குடும்பங்களின் மாத வருமானத்தைப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. சராசரி 8,479 வெள்ளி. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் 6,338 வெள்ளி என்கின்றது. இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம்! மேலேயுள்ள சிலரின் பெருவருமானம் சராசரியைத் தன் பக்கம் இழுத்து விடுகின்றது. அந்தச் சராசரியைக் கையில் வைத்துக் கொண்டு, "மலேசியர் எண்ணாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கின்றனர், ஆகவே உனக்கென்ன குறை?" என்று ஒரு துப்புரவுத் தொழிலாளியைக் கேட்டால் அது எத்தகைய பேச்சு? சராசரி என்பது கூட்டத்தின் கணக்கு. கூட்டத்தில் நிற்கும் தனி மனிதனின் சட்டைப்பையில் என்ன இருக்கின்றது என்று அது சொல்லாது.

அடுத்து மாதிரி எடுக்கும் பாடம். அங்கேதான் பண்டாரியின் பருக்கை வந்தது. அமெரிக்காவில் 1936-இல் குடியரசுத் தலைவர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பெயர்பெற்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, யாருக்கு வாக்களிப்பீர் என்று கேட்டது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்து குவிந்தன. லாண்டன்தான் வெல்வார் என்று பத்திரிகை எழுதிற்று. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்! தொலைபேசிப் பட்டியல், மோட்டார் வாகனப் பதிவு முதலியவற்றிலிருந்தே பெயர்களை எடுத்திருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர் யார்? வசதியுள்ளோரே. போதாக்குறைக்கு, அட்டை பெற்றவர்களில் பெரும்பாலோர் பதிலே அனுப்பவில்லை. இலட்சக்கணக்கான பருக்கையை எடுத்தார்கள். ஆனால் உலையைக் கிண்டவில்லை.

இந்தியாவில் மகலனோபிஸ் 1931-இல் புள்ளியியல் கழகத்தை நிறுவி, 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு வழிவகுத்தார். அத்தனை பெரிய தேசத்தின் வாழ்க்கை நிலையைச் தேர்ந்தெடுத்த வீடுகளை மட்டும் கேட்டே அறிய முற்பட்டது அந்த ஆய்வு. யாரைக் கேட்பது என்பதைக் கேட்பவனின் வசதிக்கு விடாமல் முறைப்படி தேர்ந்ததே அதன் பலம். ஆகவே பழமொழியில் பிழையில்லை. கிண்டிய பானைக்கே அது பொருந்தும் என்ற நிபந்தனையை நாம்தாம் மறந்து விடுகின்றோம்.

இந்தப் பாடத்தைக் கேட்ட நாளில் ரயில் நின்றதையும் நாம் கவனிக்கவில்லை. இறங்க வேண்டிய கே.எல். சென்ட்ரலைத் தாண்டிச் சென்று விட்டோம். காரணத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிதிக் குழுவில் நாம் அங்கம் வகித்தோம். ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது வழக்கம். எஸ்.பி.எம். தேறிய ஒரு பையன் டிப்ளோமா படிப்புக்காக மூவாயிரம் வெள்ளி கேட்டு மனுச் செய்தான். அவனுடைய முகவரி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதே குடியிருப்பிலிருந்து முன்னர் இருவர் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தவில்லை. குழுவில் ஒருவர் சொன்னார்: "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாம் இரண்டு சோறு பார்த்தாகிவிட்டது." எல்லாரும் சிரித்தோம், தலையசைத்தோம். ஐந்து நிமிடத்தில் தேநீர் வந்து விட்டது. பையனுடைய மனு நிராகரிக்கப்பட்டது. சிரித்தவர்களில் நாமும் ஒருவர்.

இப்பொழுது கணக்குப் போட்டுப் பார்க்கின்றோம். கடன் வாங்குவோரில் பத்துக்கு எட்டுப் பேர் ஒழுங்காகத் திருப்பித் தருகின்றார்கள் என்றும், ஊருக்கு ஊர் குணத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்றும் வைத்துக் கொள்வோம். ஐம்பது இடங்களிலிருந்து இடத்துக்கு இருவராகக் கடன் கொடுக்கின்றோம். ஒருவர் தவறுவது பத்தில் இரண்டு. இருவரும் தவறுவது நூற்றில் நான்கு. ஆகவே ஐம்பது இடங்களில் சராசரியாக இரண்டு இடம், எந்தக் குற்றமும் இல்லாமலே, வெறும் தற்செயலால், "இரண்டு சோறும் வேகாத" இடமாகத் தோன்றுமென எதிர்பார்க்கலாம். அவ்விரண்டு இடங்களின் பிள்ளைகள் மீது நாம் முத்திரை குத்தி விடுகின்றோம். அந்தப் பையனின் குடியிருப்பு அப்படிப்பட்ட ஓர் இடமாக இருந்திருக்கலாமல்லவா?

பழைய கோப்பை எடுத்துப் படித்த போது இன்னொன்றும் தெரிந்தது. முன்னர் தவறிய இருவரும் நண்பர்கள். இருவரும் ஒரே தனியார் கல்லூரியில் சேர்ந்தார்கள். அது பாதியிலே மூடப்பட்டது. சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை. கடனை எங்கிருந்து கட்டுவார்கள்? இவை இரண்டு பருக்கையே அல்ல. ஒட்டிக் கொண்ட ஒரே பருக்கை. அவர்கள் தவறியதற்கும் குடியிருந்த கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோப்பில் எழுதியிருந்ததைப் படிக்க நமக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்று அந்தப் பத்து நிமிடத்தை நாம் செலவிடவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயத்தையும் கேட்க வேண்டும். பொருளாளர் ஒருவரிடம் இதைப் பேசினோம். அவர் சொன்னார்: "நிதி நம் சொந்தப் பணமல்ல. ஜமாஅத்தின் அமானிதம். அனுபவத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால், நாளை வரும் பிள்ளைக்குக் கொடுக்கப் பணமிராது. வைத்தியர்கூடப் பத்துப் பேருக்குக் கேட்ட மருந்தைத்தானே பதினோராமவனுக்குக் கொடுக்கின்றார்?"

இது அற்பமான வாதமன்று. அனுபவமே வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்க்கின்றார். மருந்து ஒத்துக் கொண்டதா என்று மறுபடியும் கேட்கின்றார். தவறாயின் அவருக்குத் தெரிந்து விடும். நம் குழுவுக்கு அது தெரிய வழியில்லை. இதுவே இவ்விஷயத்தில் மிகவும் பயங்கரமான அம்சம் என்று நமக்குப் படுகின்றது. கடன் கொடுத்தவன் தவறினால் பேரேட்டில் சிவப்பு மையில் பதிகின்றோம். கொடுக்க மறுத்தவன் நல்லவனாக இருந்தால் அது எந்த ஏட்டிலும் பதிவதில்லை. ஆகவே நம் தப்பெண்ணத்தைப் பொய்யென்று காட்டக்கூடிய சாட்சிகளை நாமே வாசலில் தடுத்து நிறுத்திவிட்டு, "எங்கள் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை" என்று பெருமை பேசுகின்றோம். அந்தப் பையன் கடனைத் திருப்பித் தந்திருப்பானா? இனி எவரும் அறிய முடியாது. நாமும் அறிய முடியாது.

இதே நாட்டில், இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், வாடகை வீட்டு விளம்பரங்களில் "இன்ன இனத்தார் வேண்டாம்" என்று எழுதியிருப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். பார்த்து நெஞ்சு கொதித்திருக்கின்றோம். அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் அவரும் சொல்வார்: முன்பிருந்த இருவர் வாடகை பாக்கி வைத்தார்கள், ஒரு சோறு பதம் என்று. அவருடைய கணக்கு அநியாயமென்றால் நம்முடைய கணக்கு மட்டும் எப்படி நியாயமாகும்? நம்மை அளக்கும் போது ஒரு படி, பிறரை அளக்கும் போது வேறு படி வைப்பவனைச் சந்தையிலேயே எவரும் மதிப்பதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கூட்டத்தின் கணக்கைக் கூட்டத்துக்குப் பயன்படுத்துவோம். நூறு வெள்ளி கடன் கொடுத்தால் இருபது வெள்ளி வராமல் போகலாம் என்று அனுபவம் சொன்னால், அந்த இருபதை முன்கூட்டியே ஒதுக்கி வைப்போம். கடையில் எவ்வளவு மாவு பிசைவது என்பதற்கும் அதே கணக்குத்தான். இவ்விடத்தில் சராசரி நல்ல ஊழியன். ஆனால் எதிரே நிற்கும் ஒருவனுக்கு உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் வேளையில் அவனைப் பற்றியே விசாரிப்போம். அவன் மதிப்பெண் என்ன, சேரும் கல்லூரி நிலையானதா, ஜாமீன் நிற்க யார் உண்டு என்று கேட்போம். விசாரிக்கும் சிரமம் நம்முடையது. அதைச் செய்யாமல் விட்டு, அந்தச் சிரமத்தின் விலையை அவன் வாழ்விலிருந்து பிடித்துக் கொள்வது அமானிதத்தைக் காப்பதாகாது. எல்லாம் விசாரித்த பின்னும் சந்தேகம் மிஞ்சுமாயின், சிறு தொகையாகத் தவணை தவணையாகக் கொடுத்துப் பார்க்கலாமே! கொடுத்துப் பார்த்தால்தானே நம் எண்ணம் சரியா தவறா என்பதும் தெரியும்?

இந்த யோசனையைப் பொருளாளரிடம் சொன்னோம். "அப்படியானால் மனுவில் முகவரியை மறைத்துவிட்டு முதலில் படித்துப் பார்ப்போம்" என்றார். அவ்வாறே செய்து வருகின்றோம். கூட்டம் இப்பொழுது சற்று நீளுகின்றது. தேநீர் ஆறிப் போவதாகச் சிலருக்குக் குறை.

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில், கடைக்குச் சாமான் கொண்டு வந்த மோட்டார்சைக்கிள் இளைஞன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றி ஸலாம் சொன்னான். அவன்தான். "நலந்தானா தம்பி?" என்றோம். "அல்ஹம்துலில்லாஹ், நலந்தான் மாமா" என்றான். அவன் எதையும் கேட்கவில்லை, குத்தலாகவும் பேசவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்து, கையெழுத்து வாங்கிக் கொண்டு புறப்பட்டான். "மேலே படிக்க எண்ணமிருந்தால் வந்து பார்" என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் வண்டி நகர்ந்து விட்டது. மறுநாள் சாமான் அனுப்பும் இடத்துக்கு நாமே தேடிப் போய்ச் சொன்னோம். "யோசித்துச் சொல்கிறேன் மாமா" என்றான். யோசிக்கட்டும். காத்திருக்க வேண்டியது இம்முறை நம் முறை.

புள்ளியியல் பரீட்சையில் தேறி விட்டோம். பெருமைப்படத்தக்க மதிப்பெண் அல்ல. மாவு மிஞ்சுவது குறைந்திருக்கின்றது. ஆனால் நாம் அங்கு கற்றதில் முக்கியமானது வேறு. எண்ணிக்கையைக் கொண்டு உலகத்தை அறியலாம். எதிரே வந்து நிற்கும் மனிதனை அறிய வேண்டுமானால் அவனையே கேட்க வேண்டும். நிதிக் குழுக்களிலும் வேலைக்கு ஆள் எடுக்கும் கடைகளிலும் சம்பந்தம் பேசும் வீடுகளிலும் அமர்ந்திருக்கும் நம் சகோதரர்கள், அடுத்த முறை அந்தப் பழமொழியை உச்சரிக்குமுன் பானையைக் கிண்டினோமா என்று ஒரு கணம் தம்மைத் தாமே கேட்டுக் கொள்வார்களாக.