சங்கிலியின் சாவி

எங்கள் தெருவின் கடைசி வளவில், கிணற்றடிப் பலாமரத்தில், ஒருவரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். நான் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய்வந்த வயது. சிறுவர்களாகிய நாங்கள் அவரை 'விசரன்' என்போம். வேலிக்கு மேலால் கல்லெறிந்ததும் உண்டு. அவருடைய உம்மா சங்கிலியின் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். காலையில் அவிழ்த்துக் குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார், பிறகு கட்டுவார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அவிழ்த்துவிட்டா றோட்டுல அடிபட்டு மௌத்தாப் போவான் மகன். கட்டி வெச்சா உசிரோடயாவது இருப்பான்."

அந்த உம்மா செய்து பார்க்காதது எதுவுமில்லை. லெப்பை ஓதி ஊதிய தண்ணீர், கழுத்திலும் கையிலும் இசும், தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய காலத்தில் ஏர்வாடி தர்ஹாவில் நாற்பது நாள். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். குளிசை தின்ற இரண்டு மாதம் மகன் அமைதியாக இருந்தாராம். குளிசை முடிந்தபோது மறுபடி பஸ் ஏறக் கையில் காசில்லை. பலாமரம் இருந்தது.

ஒருநாள் அந்த உம்மா மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் சேலைத் தலைப்பை அவிழ்த்தபோது சாவி விழுந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. ஊரே திரண்டு ஜனாஸாவைத் தூக்கிச் சென்றது. சாவியை வாங்கிக்கொள்ள மட்டும் ஒரு கை நீளவில்லை.

அந்தத் தாய் செய்தது கொடுமையா, அன்பா என்ற கேள்வி பல வருடங்களாக என்னோடு இருக்கிறது. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அவரைக் குற்றவாளி என்று சொல்லும் தகுதி, அந்தச் சாவியை ஒரு நாளேனும் வாங்கி வைத்திருந்தவருக்கே உண்டு. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில், அதே ஏர்வாடியில், தர்ஹாவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இந்திய உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோரை அரசு பொறுப்பேற்றது.

அந்தச் செய்தி இங்கு வந்தபோது நாம் என்ன பேசினோம்? தர்ஹா கூடுமா, கூடாதா என்று பேசினோம். சியாரங்களை மறுப்போருக்கு அது ஓர் ஆதாரமாயிற்று. ஆதரிப்போர், தீ பிடித்தது தனியார் கொட்டகையில், தர்ஹாவில் அல்ல என்றனர். அவர்கள் சொன்னதில் தகவற் பிழை இல்லை. ஆனால் இரு சாராரும் மாறி மாறி வாதிட்ட அந்த மாலைகளில், பலாமரத்தடியில் இருப்பவருக்குச் சோறு போடுவது யார் என்பது பேச்சில் வரவேயில்லை. நோய் ஜின்னாலா, மூளையின் இரசாயனத்தாலா என்பது தீர்ந்த பின்னர்தான் நோயாளியைக் கவனிப்பது என்று நாம் தீர்மானித்திருந்தது போலிருந்தது.

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உனாவா என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மீரா தாத்தார் தர்ஹாவுக்கு மனம் கலங்கியவர்களைக் கூட்டி வருவது நீண்டகால வழக்கம். முஸ்லிம்களைப் போலவே இந்துக்களும் வருவார்கள். 2008இல் 'ஆல்ட்ரூயிஸ்ட்' என்ற இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து அங்கே ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. பெயர் 'தவா - துஆ'. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். நோயாளியைத் தர்ஹாவிலிருந்து பிரித்தெடுப்பதற்குப் பதிலாக, மனநல வைத்தியரைத் தர்ஹா வளவுக்கே கொண்டுவந்தார்கள். அங்கு ஓதிப் பார்க்கும் முஜாவிர்களுக்கு மனநோயின் அறிகுறிகளை இனங்காணப் பயிற்சி கொடுத்தார்கள். வருபவருக்கு முஜாவிர் வழமைபோல ஓதுகிறார். பிறகு, "அந்த அறையில் டொக்டரையும் ஒருமுறை பாருங்கள்" என்று அனுப்புகிறார். மருந்து இலவசம். ஏர்வாடியிலும் பின்னர் இவ்வகைத் திட்டம் வந்தது.

கேட்பதற்கு எளிமையான ஏற்பாடு. ஆனால் அதனுள் ஒரு கனமான தார்மீகக் கேள்வி இருக்கிறது. ஜின் பிடித்திருக்கிறது என்பதை வைத்தியர் நம்பவில்லை. குளிசையால் மட்டும் தீரும் என்பதை முஜாவிர் நம்பவில்லை. ஒருவரையொருவர் நம்பாத இருவர் சேர்ந்து பணியாற்றுவது நயவஞ்சகமாகாதா? வைத்தியர் மூடநம்பிக்கைக்கு முத்திரை குத்துகிறார் என்று பகுத்தறிவாளர் சொல்வார். தௌஹீத் பேசும் நண்பரும் வேறு காரணத்துக்காக அதையே சொல்வார்.

இந்த ஆட்சேபனையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. உண்மை பேசுவதும் ஒரு கடமைதான். ஆயினும், பொய் சொல்வது வேறு, ஒருவருடைய நம்பிக்கையைச் சிகிச்சைக்கு விலையாகக் கேளாதிருப்பது வேறு. "உன் வாப்பா பாட்டன் போன இடத்தை முதலில் விட்டுவிட்டு வா, அப்புறம் மருந்து தருகிறேன்" என்று சொல்லும் வைத்தியர் தன் உண்மையைக் காப்பாற்றிக்கொள்கிறார். அதற்கான விலையை நோயாளி கொடுக்கிறார். ஜின் இல்லை என்று அறிவித்தாலன்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன் என்று வைத்தியர் முஜாவிரிடம் பிடிவாதம் பிடிக்காதது போலவே, முஜாவிரும் குளிசையைப் போடாதே என்று சொல்லாதிருக்கிறார். இருவருக்கும் நடுவில் இருக்கும் மனிதரின் வேதனை இருவருக்கும் தெரிகிறது. அந்த அளவு உடன்பாடு வேலையைத் தொடங்கப் போதும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓதுவது யாரையும் காயப்படுத்துவதில்லை. அடிப்பது, பட்டினி போடுவது, புகை போட்டு மூச்சுத் திணறச் செய்வது, கட்டி வைப்பது ஆகியவை எந்த நம்பிக்கையின் பெயரால் நடந்தாலும் அங்கே விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

சங்கிலியை தர்ஹாவின் சொத்தாக மட்டும் பார்ப்பதும் நேர்மையாகாது. இஸ்லாமிய நாகரிகம் உலகுக்கு வழங்கிய பீமாரிஸ்தான்களைப் பற்றி நாம் பெருமையோடு எழுதுகிறோம். திமிஷ்க்கில் நூருத்தீன் கட்டிய வைத்தியசாலை வக்பு வருமானத்தில் இயங்கியது, மனநோயாளருக்கும் அங்கே சிகிச்சை இருந்தது. ஆனால் 1184இல் அதைப் பார்த்த பயணி இப்னு ஜுபைர், அங்கு சித்தம் கலங்கியவர்கள் சங்கிலியில் இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பிரான்ஸில் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் ஜோன் பத்திஸ்த் புஸ்ஸான். அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். அதே ஆஸ்பத்திரியில் முன்னொருகால் நோயாளியாகக் கிடந்து, பின்னர் அங்கேயே பணியாளராகச் சேர்ந்தவர். பெரும் வைத்தியரான பினெல் அவரைப் பார்த்துத்தான் தானும் செய்தார். அறிவு மட்டும் சங்கிலியை அவிழ்த்துவிடுவதில்லை என்பதற்கு இவ்விரண்டு செய்திகளும் போதும்.

அப்படியானால் எது அவிழ்க்கும்? எமது பிக்ஹு நூல்களில் ஒரு விதி எல்லோருக்கும் தெரிந்தது. சித்தசுவாதீனம் இல்லாதவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை, அவர் தெளியும்வரை அவருடைய செயல்கள் ஏட்டில் எழுதப்படுவதில்லை. இதை நாம் நோயாளிக்குக் கிடைத்த சலுகையாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவர் தோளிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. சூரத்துன் னிஸாவின் ஐந்தாவது வசனம் அதற்கு வழி காட்டுகிறது. தம் பொருளை நிர்வகிக்க இயலாதோரைப் பற்றிப் பேசும் அவ்விடத்தில், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்க வேண்டும், அவர்களோடு கனிவாகப் பேச வேண்டும் என்ற பொறுப்பு மற்றவர்கள்மேல் வைக்கப்படுகிறது. சோறு, சேலை, சாரம் ஆகியவற்றோடு நல்ல வார்த்தையும் அங்கே கடமையாக நிற்பது கவனிக்கத்தக்கது. அவருக்கு இறங்கியது நமக்கு ஏறியிருக்கிறது.

ஜனாஸாவை நாம் பர்ளு கிபாயா என்கிறோம். சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. மையித்தைத் தூக்க வருபவர்கள் அவர் எந்தத் தரீக்கா, எந்த ஜமாஅத், எந்த நோயால் மௌத்தானார் என்று விசாரித்த பின்னரா தோள் கொடுக்கிறார்கள்? இறந்தவருக்குக் காட்டும் இந்தப் பண்பை உயிரோடு கட்டுண்டிருப்பவருக்குக் காட்டத் தவறியதுதான் நமது பிழை. பர்ளு கிபாயாவை ஒரு தாயின் பர்ளு ஐனாக்கிவிட்டு, அவர் அதைப் பிழையாகச் செய்கிறார் என்று வேலிக்கு வெளியே நின்று விமர்சித்தோம்.

சமூகத்தில் இயங்கும் மனநலத் தொண்டு நிறுவனம் ஒன்றின் வேலையை இந்த இடத்திலிருந்து பார்த்தால் விளங்கும். மாதாமாதம் மருந்து வீட்டுக்கு வருகிறதா என்று பார்ப்பது, வராதவரைத் தேடிப் போவது, உம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது, சுகமானவருக்கு ஒரு கூலிவேலை பிடித்துக் கொடுப்பது எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சென்னையில் 1993இல் இரண்டு இளம் பெண்கள் ஆரம்பித்த 'பான்யன்' அமைப்பு, வீதியில் கிடந்த மனநோயாளிப் பெண்களைச் சேர்த்துச் சிகிச்சையளித்தது. திரும்பிப் போக வீடில்லாதவர்கள் நான்கைந்து பேராக, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்த 2015 முதல் வழி செய்தது. குளிசைக்குப் பின்னால் ஒரு வீடும், வீட்டுக்கு அடுத்த வீட்டில் சலாம் சொல்லும் ஒருவரும் வேண்டும் என்பது அவர்கள் கண்டறிந்த பாடம். அந்த அடுத்த வீட்டை எந்த நிறுவனத்தாலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடியாது.

நமது பள்ளிவாசல்களில் ஸக்காத் நிதி இருக்கிறது. ஜனாஸா நலன்புரிச் சங்கம் இல்லாத ஊர் அபூர்வம். கிளினிக் நாளில் ஒரு முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுக்க, மருந்து தீரும் திகதியை ஒரு கொப்பியில் எழுதி வைக்க, பெரிய நிதியெதுவும் தேவையில்லை. ஜும்ஆ மேடையில் ஒருநாள், விசர் என்பது அவமானமல்ல என்று சொல்வதற்குக் காசே தேவையில்லை.

அந்த உம்மா மௌத்தான பிறகு, மரத்தடியில் இருந்தவரைத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்ததாகச் சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து எவரும் அவரைப் பார்க்கப் போனதாக நான் கேள்விப்படவில்லை. நானும் போகவில்லை. இதை எழுதும்போது அவருடைய சொந்தப் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். நாங்கள் வைத்த பெயர்தான் வருகிறது.